ஜாம் போத்தலுக்குள் ஒரு பனிக் குடில்



திருவருகைக் காலம் வந்துவிட்டது. கடைத்தெருவிலே, குலுக்கினால் வெண்பனி கொட்டும் கண்ணாடி உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் அவற்றை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறார்கள். பெற்றோர் விலைத்துண்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார்கள். அந்தச் சிறு செயலுக்குள் இருக்கும் வேதனையை நாம் கண்டும் காணாதவர்போல் கடந்து போகிறோம். பாலன் பிறந்த செய்தி முதன்முதலில் சொல்லப்பட்டது வயல்வெளியில் இராக்காவல் காத்த ஏழை இடையருக்கு. ஆனால் எங்கள் ஊர்களில் பாலன் பிறப்பின் மகிழ்ச்சி இன்று ஏழை வீட்டுக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேருகிறது.

ஆகவே இவ்வாரப் பாடம் கைவேலைப் பாடமாக அமைகிறது. வீட்டில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு ஜாம் போத்தல், ஒரு பிடி உப்பு, கொஞ்சம் பசை, கடற்கரையில் பொறுக்கிய நாலைந்து சவுக்கங்காய்கள்: இவற்றைக் கொண்டு பனி படர்ந்த பாலன் குடில் ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் செய்துகொள்ளலாம். மறையாசிரியர்கள் விரும்பினால் திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறு வகுப்புகளுக்கும் இதைப் பகிர்ந்து வைத்துக்கொள்ளட்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "சுவாமி, எங்கள் நாட்டில் ஏது வெண்பனி? இது வெள்ளைக்காரருடைய நத்தார் அல்லவா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தாலும் வெண்பனியைப் பற்றி ஒரு சொல்லும் அகப்படாது. பெத்லகேம் யூதேய மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 770 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சில குளிர்காலங்களில் பனி கொட்டுவது உண்டு. 2013 டிசெம்பரில் எருசலேமும் சுற்றுவட்டாரமும் பெரும் பனிப்பொழிவால் முடங்கிப் போயின. என்றாலும் ஆண்டவர் பிறந்த இரவில் பனி கொட்டியதாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை.

பனியைக் குடிலுக்குள் கொண்டுவந்தவர்கள் வட ஐரோப்பிய மக்கள். பீற்றர் புரூகல் என்ற ஓவியர் 1566இல் 'பெத்லகேமில் குடிக்கணக்கு' என்னும் பொருளில் ஓர் ஓவியம் வரைந்தார். அதில் மாதாவும் சூசையப்பரும் வந்து சேருவது அவருடைய சொந்த நாட்டுக் கிராமம் ஒன்றுக்கே. கூரையெல்லாம் பனி, குளம் உறைந்து கிடக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். தம் ஊரில் பாலன் பிறந்தால் எப்படி இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். நாங்கள் பனையோலையால் குடில் வேய்வதும் அதே எண்ணத்தில்தான்.

எங்கள் மொழியும் பனியை அறியாத மொழி அன்று. மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்று எங்கள் முன்னோர் ஆண்டைப் பகுத்து வைத்தார்கள். பாலன் பிறப்பு அந்த முன்பனிக் காலத்துக்குள்தான் வருகிறது. எங்கள் பனி புல்நுனியில் நீராக நிற்கும். அவர்கள் பனி நிலத்தில் வெள்ளையாகப் படுக்கும். அதுமட்டுமா? வெண்பனியைக் கண்ணாலும் கண்டிராத தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகப் 'பனிமய மாதா' என்று தேவதாயை அழைத்து வருகிறார்கள். கடலுக்கு அக்கரையில் தூத்துக்குடியில் இருக்கும் பனிமய மாதா பேராலயத்தை அறியாதவர் எங்களில் குறைவு.

இந்தப் பெயரின் மூலம் உரோமையில் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில், கடும் கோடையான ஓகஸ்ட் மாதத்தில், எஸ்குயிலின் குன்றின்மேல் பனி விழுந்து ஆலயம் கட்டவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபு. இது பிற்காலத்தில் எழுதப்பட்ட மரபுக்கதை. சரித்திரச் சான்றாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே இன்று நிற்கும் புனித மரியா பெருங்கோவில் ஐந்தாம் நூற்றாண்டில், பாப்பரசர் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 5ஆம் திகதி அதன் உட்கூரையிலிருந்து வெண்ணிறப் பூவிதழ்களைப் பனிபோலச் சொரிகிறார்கள். அதே ஆலயத்திற்கு 'தீவனத்தொட்டியின் புனித மரியா' என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. பாலன் கிடத்தப்பட்ட தீவனத்தொட்டியின் மரத்துண்டுகள் என்று பக்தியுடன் பேணப்படுபவை அங்கேதான் இருக்கின்றன. பனியும் குடிலும் ஒரே கூரையின்கீழ்! பாலன் குடிலின் பொருளைப் பற்றி 2019 டிசெம்பர் 1ஆம் திகதி திருமடல் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்ட பாப்பரசர் பிரான்சிஸ், 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தபின் அடக்கம் செய்யப்பட்டதும் அந்த ஆலயத்திலேயே.

இனி வேதாகமத்துக்கு வருவோம். குடிலில் மாடும் கழுதையும் வைக்கிறோமே, அவை நற்செய்தியில் இருக்கின்றனவா? இல்லை. எசாயா இறைவாக்கினரின் முதலாம் அதிகாரம் 3ஆம் வசனத்திலிருந்தே திருச்சபை அவற்றை எடுத்தது. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எசமானின் தீவனத்தொட்டியை அறியும், என் மக்களோ என்னை அறியவில்லை என்று ஆண்டவர் மனம் நொந்து பேசும் இடம் அது. அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே வாருங்கள். 18ஆம் வசனத்தில், கடுஞ்சிவப்பான பாவங்களும் பனிபோல வெண்மையாகும் என்று அதே ஆண்டவர் வாக்களிக்கிறார். மாட்டையும் கழுதையையும் எடுத்துக்கொண்ட அதிகாரத்திலிருந்து பனியையும் எடுத்துக்கொள்வதில் எந்தப் பிழையும் கிடையாது. மேலே முறைப்பாடு, கீழே மன்னிப்பு. குடிலில் பனி தூவும் பிள்ளைக்கு இந்த இரண்டு வசனங்களையும் வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டும் பெரியவர் தாமும் பாலன் பிறப்புக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடினால், போத்தலுக்குள் தூவிய பனி வெறும் உப்பாக நின்றுவிடாது.

சரி, கைவேலைக்குப் போவோம்.

முதல் வாரம் போத்தலைத் தேடுங்கள். ஜாம் போத்தல், ஹோர்லிக்ஸ் போத்தல், ஊறுகாய்ப் போத்தல் எதுவும் உதவும். வாய் அகன்றதாகவும் மூடி திருகி இறுகுவதாகவும் இருக்கவேண்டும். மார்மைட் போத்தல் கறுப்பாக இருப்பதால் உதவாது. ஒட்டியிருக்கும் பெயர்த்தாளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரியுங்கள். மிஞ்சும் பிசினுக்குத் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் குழைத்துப் பூசி, அரைமணி நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். கொதிநீரைக் குளிர்ந்த போத்தலில் ஊற்றவேண்டாம், வெடிக்கும். ஊறுகாய் மணம் போகாவிட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஓர் இரவு மூடி வையுங்கள். (எமது பத்திரிகையை இதற்குப் பயன்படுத்துவதானால் வாசித்து முடித்தபின் செய்யவும்.) பிறகு கழுவி, வெயில் கண்ட நாளில் வாயைத் திறந்து காயவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மாரியில் எங்கள் பகுதிகளில் வெயில் அருமையாகவே தலைகாட்டும். அதனால் முதல் வாரமே இதை முடித்துவிடுவது புத்தி. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் பின்னர் கண்ணாடி வேர்த்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பலர் போத்தலை நேராக வைத்து, வாய்வழியாகக் கையை நுழைத்துக் குடில் கட்டப் பார்க்கிறார்கள். பெரியவர் கை நுழையாது. பிள்ளையின் கை நுழைந்தாலும் ஒன்றை நிறுத்த மற்றது விழும். போத்தலைக் கவிழ்ப்பதே வழி. மூடி நிலமாகும், போத்தல் வானமாகும். குடிலை மூடியின் உட்புறத்தில் வெளிச்சத்தில் வசதியாகக் கட்டி முடித்து, அதன்மேல் போத்தலைக் கவிழ்த்துத் திருகிவிடலாம். திருகும்போது மூடியை மேசையில் அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலைத்தான் சுழற்றவேண்டும். மூடியைச் சுழற்றினால் இடையர் எல்லோரும் விழுந்து கும்பிடுவார்கள்!

இப்படிச் செய்வதில் இரண்டு அளவுகளைக் கவனிக்கவேண்டும். ஒன்று அகலம். போத்தலின் வாயை ஒரு கடதாசிமேல் கவிழ்த்து உள்வட்டத்தைக் கோடிட்டு, அதிலிருந்து சுற்றிவர அரைச் சென்ரிமீற்றர் உள்ளே இன்னொரு வட்டம் கீறுங்கள். நீங்கள் வைப்பதெல்லாம் அந்த உள்வட்டத்துக்குள் அடங்கவேண்டும். மற்றது உயரம். மூடியின் விளிம்பு அடியில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மறைத்துவிடும். மூடியில் நேரடியாக ஒட்டிய பாலன் வெளியே தெரியமாட்டார். ஆகையால் ஒரு மேடு வேண்டும். தேய்ந்துபோன ரப்பர்ச் செருப்பின் அடியைக் கழுவிக் காயவைத்து, அந்த உள்வட்ட அளவுக்கு வெட்டுங்கள். மூடியின் உட்புறத்தை ஆணி முனையால் கீறிச் சொரசொரப்பாக்கி, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலூசனைச் செருப்புத்துண்டிலும் மூடியிலும் பூசி, சற்றுக் காயவிட்டு அழுத்தினால் அசையாது. கழற்றி எறிந்த செருப்பின்மேலா பாலன் குடில் என்று முகம் சுளிக்கவேண்டாம். பெத்லகேமில் பாலனுக்குக் கிடைத்தது மாடு தின்னும் தொட்டி.

இரண்டாம் வாரம் மரமும் கொட்டிலும். காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது சவுக்கு மரம். அங்கு மட்டுமல்ல, எமது கரையோரமெங்கும் சவுக்கு நிற்கும் இடங்களில் அதன் காய்கள் நிலத்தில் சிந்திக் கிடக்கும். ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் அளவான அந்தக் காயை நட்டுக்கு நிறுத்திப் பாருங்கள். படங்களில் வரும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தின் குட்டி அச்சு அது. மேலே பசை தடவி உப்புத் தூவினால் பனி சுமந்த மரம் ஆகிவிடும். மலையகத்து வாசகர்கள் பைன் காட்டின் ஓரத்தில் விழும் கூம்புகளின் செதில்களைப் பிரித்து அடுக்கி மரம் செய்யலாம். முழுக்கூம்பு போத்தலுக்குள் அடங்காது. கொட்டிலுக்குத் தென்னோலை ஈர்க்கும் கூரைக்குப் பனையோலைத் துண்டும் போதும். பச்சை ஓலை வேண்டாம். மூடிய போத்தலுக்குள் அது பூஞ்சணம் பிடிக்கும். மாப்பசையும் அப்படித்தான், எறும்பையும் கூட்டிவரும். மரவேலைக்காரர் பாவிக்கும் வெள்ளைப் பசையே சிறந்தது. காய்ந்ததும் நிறம் தெரியாது.

மூன்றாம் வாரம் ஆட்கள். கைத்திறன் உள்ள பிள்ளைகள் களிமண்ணில் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு உருவங்கள் பிடித்து நிழலில் உலர்த்தட்டும். மற்றவர்கள் பழைய வாழ்த்து மடல்களிலிருந்து மாதாவையும் சூசையப்பரையும் கத்தரித்தெடுத்து, அடியில் சிறிது விட்டு மடித்து ஒட்டலாம். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்கு ஐம்பது அறுபது மடல்கள் வரும். இப்போது வாழ்த்து கைபேசியில் வருகிறது; அதைக் கத்தரிக்க முடியாது! ஆனபடியால் வரைந்து நிறந்தீட்டுவதும் நல்லதே. மந்திரித்த படங்களை மட்டும் வெட்டவேண்டாம். குச்சியில் பாசிமணியைத் தலையாகக் குத்தி, துணி சுற்றி ஆள் செய்வது எல்லாவற்றிலும் இலகுவானது. ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யும்.

தீவனத்தொட்டியை நாலைந்து நெருப்புக்குச்சிகளை ஒடித்துச் செய்யுங்கள். மருந்து முனையை வெட்டிவிடவேண்டும். தேங்காய்த் தும்பை உதறி வைக்கோலாக இடுங்கள். தொட்டி வெறுமையாகவே இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். விண்மீனுக்குப் பால்மாப் பைக்கற்றின் உட்புற வெள்ளித்தாள் இருக்கிறது. இன்னுமொரு விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நீலக் கொப்பி உறையைப் போத்தலின் பின்பாதிக்கு வெளியே ஒட்டுமளவுக்கு வெட்டி, ஊசியால் இருபது முப்பது துளைகள் குத்தி, ஒன்றை மட்டும் சற்றுப் பெரிதாக்கி, பின்புறம் கைபேசி விளக்கை வைத்தால் இராவானம் முழுவதும் மினுங்கும். மெழுகுதிரி வைக்கவேண்டாம். பஞ்சும் கடதாசியும் ஓலையும் உள்ள இடத்தில் மெழுகுதிரி ஒரு கணத்தில் திருநாளைத் துக்கநாளாக்கிவிடும்.

பனி நான்காம் வாரத்துக்கு. இங்கேதான் பலர் அவசரப்பட்டு வேலையைக் கெடுக்கிறார்கள். முதலில் பனியைக் கொட்டிவிட்டுப் பிறகு ஆட்களை அதற்குள் குத்தி நிறுத்துகிறார்கள். முடிவில் பனிதான் தெரிகிறது, திருக்குடும்பம் தெரியவில்லை. ஆட்களை நிறுத்தி முடித்தபின், அவர்களைச் சுற்றியே பனி விழவேண்டும்.

எதைப் பனியாகப் பாவிப்பது? பஞ்சு மலிவு, ஆனால் சிறு போத்தலுக்குள் அது முகில்போலப் புடைத்து எல்லாவற்றையும் மூடும். தேங்காய்த் துருவல் ஒரு வாரத்தில் காறி மணக்கும். ரவையில் வண்டு பிடிக்கும். ரெஜிபோம் மணிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அலைக்கழிக்கும். திருநாள் முடிந்ததும் காற்றில் பறந்து வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்ச் சேரும். கடலை நம்பி வாழும் பங்குகளில் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவை எல்லாவற்றிலும் உப்பே நல்லது. ஆனையிறவும் மன்னாரும் புத்தளமும் உப்பு விளையும் நாடு நம்முடையது. பனியை வெளியூரில் தேடத் தேவையில்லை.

ஒன்று மட்டும். மாரிகாலத்தில் உப்புக் கசியும். சுத்திகரிக்காத கல்லுப்பில் மக்னீசிய உப்புகள் கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து நீர்விடும். ஆதலால் தூளுப்பையே எடுங்கள். வெறும் சட்டியில், மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் கிளறி வறுத்து, முற்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் கண்ணாடி வேர்க்கும். மேட்டின்மேல் பசையைத் தாராளமாகத் தடவி, உப்பைச் சிறு அரிதட்டால் தூவி, விரலால் மெல்ல அழுத்தி ஒரு நாள் விடுங்கள். ஒட்டாத உப்பை உதறிவிட்டு மறுபடியும் ஒருமுறை செய்தால் பனி தடித்து வரும். கூரையிலும் மரத்திலும் பசையைத் தூரிகை நுனியால் அங்குமிங்கும் மட்டும் தொட்டுத் தூவுங்கள். முழுவதும் பூசினால் மாப்பிசைந்ததுபோல் ஆகிவிடும். எல்லாம் காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். வறுத்த பச்சையரிசி நாலைந்து மணியை மேட்டின் பின்புறம் மறைத்து வைத்தால் மிஞ்சும் ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

"குலுக்கினால் பனி கொட்டவேண்டாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடையில் பார்த்தது அதுவல்லவா! அந்த உருண்டையின் கதையும் சொல்லத்தக்கதே. 1878இல் பாரிஸ் மாநகரக் கண்காட்சியில் நீர் நிரப்பி வெண்தூள் இட்ட கண்ணாடி உருண்டைகள் காட்சிக்கு வந்தன. பின்னர் 1900ஆம் ஆண்டளவில் வியன்னா நகரில் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிலாளியான ஏர்வின் பேர்சி என்பவர், மின்குமிழின் ஒளியைக் கூட்ட வழி தேடினார். சப்பாத்துத் தைப்பவர்கள் விளக்கின்முன் நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை வைத்து ஒளியைக் குவித்து வேலை செய்வதைப் பின்பற்றி, அந்த நீரில் சில தூள்களை இட்டுப் பார்த்தார். விளக்கு எதிர்பார்த்தபடி பிரகாசிக்கவில்லை. ஆனால் ரவைபோன்ற தூள் மெதுவாக இறங்கியபோது பனி விழுவதுபோல் இருந்தது. அவர் அந்த உருண்டைக்குள் முதலில் வைத்தது எதைத் தெரியுமா? ஒஸ்திரியாவின் பெரிய மரியன்னைத் திருத்தலமான மரியாட்செல் ஆலயத்தின் சிறு உருவத்தை! யாத்திரிகர் வாங்கிச் செல்லும் பொருளாகவே அது தொடங்கியது. அவருடைய குடும்பத்தார் இன்றும் வியன்னாவில் அதைச் செய்து வருகிறார்கள்.

நீர் நிரப்பிய போத்தல் செய்ய விரும்புவோருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். களிமண், கடதாசி, ஓலை, உப்பு எதுவும் நீருக்குள் நிற்காது. பிளாஸ்ரிக் அல்லது பீங்கான் உருவம்தான் வேண்டும். பனிக்கு, அவித்த முட்டையின் வெள்ளைக் கோதை உட்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்து நொறுக்குங்கள். கொதித்தாறிய நீரில் மருந்துக்கடைக் கிளிசரின் இரண்டு தேக்கரண்டி கலந்தால் கோது மெதுவாக இறங்கும். கூடினால் ஒன்றோடொன்று ஒட்டும். தகர மூடி துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் மூடி எடுத்து, இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் கடினப் பசையால் ஒட்டி, ஒரு முழுநாள் விடவேண்டும். நீர் நிறைந்த போத்தலை யன்னலோரம் வெயிலில் வைக்கவே கூடாது. சப்பாத்துத் தைப்பவருக்கு ஒளியைக் குவித்துக் கொடுத்த அதே கண்ணாடி, வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைக் கொளுத்தவும் வல்லது.

ஆயினும் நான் உலர்ந்த போத்தலையே விரும்புகிறேன். காரணம் செலவு மட்டுமல்ல. நீர்ப் போத்தலை ஒருமுறை மூடினால் மூடியதுதான். பாலனை முதல் நாளே உள்ளே ஒட்டிவிடவேண்டும். உலர்ந்த போத்தலைத் திறக்கலாம். தீவனத்தொட்டியை வெறுமையாக விடச் சொன்னது இதற்காகத்தான். டிசெம்பர் 24ஆம் திகதி இரவு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகுமுன்னோ வந்தபின்னோ, வீட்டார் எல்லோரும் கூடி, லூக்கா நற்செய்தியின் அந்தப் பகுதியை ஒருவர் வாசிக்க, வீட்டின் கடைக்குட்டி போத்தலைத் திருகித் திறந்து பாலனை வைக்கட்டும். கடையில் வாங்கிய உருண்டைக்கு இது வராது.

அந்தப் பாலனையும் வீட்டிலேயே செய்யுங்கள். நெருப்புக்குச்சியில் ஒன்றரைச் சென்ரிமீற்றர், தலைக்கு ஒரு பாசிமணி, சுற்றுவதற்கு மெல்லிய வெள்ளைத் துணி நாடா. வீட்டில் கடைசியாகப் பிறந்த குழந்தையின் பழைய துணியில் ஓர் ஓரம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. வானதூதர் இடையருக்குக் கொடுத்த அடையாளம் விண்மீன் அன்று. துணியில் பொதிந்து தீவனத்தொட்டியில் கிடத்திய குழந்தைதான் அடையாளம். விண்மீன் மத்தேயு நற்செய்தியில் ஞானிகளுக்கு வருவது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மறையாசிரியர்கள் இந்த இடத்தில் திருத்திக் கொடுக்கவும். மூவிராசாக்களைத் திருக்காட்சி விழா வரைக்கும் போத்தலுக்கு வெளியே, அலுமாரியின் ஒரு மூலையில் நிறுத்தி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

பெரிய குடிலைப் பற்றியும் ஒரு சொல். 1223இல் கிரேச்சியோ என்ற மலைக்கிராமத்தில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அங்கே சுரூபம் எதுவும் வைக்கவில்லை. வைக்கோல், தீவனத்தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. தொட்டியின்மேல் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்க, திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். ஊர்ச் சனம் தீவட்டியோடு வந்து நின்றது. இன்று சில இடங்களில் குடிலுக்கு மின்விளக்குச் சோடிக்கும் செலவில் ஒரு குடும்பம் ஒரு மாதம் உண்ணலாம். குடில் போட்டிகளில் மதிப்பெண் பெறுவதும் பெரும்பாலும் அந்த மின்விளக்குகளே. போட்டி நடத்தும் பங்குச் சபைகளை நான் ஒன்று கேட்கிறேன்: இவ்வாண்டு போத்தல் குடிலுக்கு ஒரு பிரிவு வையுங்கள். விலைக்கு வாங்கிய பொருள் எதுவும் அதில் இருக்கக்கூடாது, பசையைத் தவிர. அப்போது எந்த வீட்டுப் பிள்ளையும் வெறுங்கையோடு ஒதுங்கி நிற்கவேண்டி வராது.

எங்கள் சனத்துக்குச் சிறிய குடிலின் அருமையை நான் சொல்லித்தரத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அவ்வாண்டுப் பாலன் பிறப்பு பாடசாலைக் கட்டடங்களிலும் மரநிழலிலும் வந்தது. 2004இல் ஓர் இரவும் ஒரு பகலும் மட்டுமே நின்ற குடில்கள் மறுநாட் காலை கடலோடு போயின. 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே பாலன் பிறந்தார். பெரிய சுரூபங்களைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடவில்லை. கையில் அடங்கியதே கூட வந்தது.

ஆகவே ஒரு போத்தலோடு நிறுத்தவேண்டாம். வகுப்புக்குப் பத்துப் போத்தல் செய்தால் நோயாளிகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும் கொடுக்கலாம். படுக்கையில் கிடப்பவரால் ஆலயத்துக் குடிலுக்கு வரமுடியாது; தலைமாட்டில் இந்தப் போத்தல் நிற்கும். கொண்டுபோகும்போது பாலனைத் தனியாக ஒரு சிறு கடதாசியில் சுற்றிக் கொடுத்து, உள்ளே வைக்கும் பாக்கியத்தை நோயாளிக்கே விட்டுவிடுங்கள். கை நடுங்கினால் போத்தலைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டும். கண்ணாடி என்பதால் கட்டில் விளிம்பில் வைக்கவேண்டாம். வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதானால் விடுதிப் பொறுப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளவும்.

ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு குடில் எடுக்கப்படும். உருவங்களையும் சவுக்கங்காய்களையும் கடதாசியில் சுற்றி அதே போத்தலுக்குள் போட்டு மூடி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு உதவும். சட்டியில் மிஞ்சிய உப்பைக் கறிக்குப் பாவிக்கலாம். ஆனால் மூடியிலிருந்து சுரண்டிய உப்பில் பசை இருக்கிறது. அதை அடுப்படிக்குக் கொண்டுபோகவேண்டாம், கிணற்றடியிலும் கொட்டவேண்டாம். ஒரு கரண்டி அளவுதானே, பசைத் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டுத் தென்னையடியில் போடுங்கள். தென்னை கோபிக்காது.